பச்சை, மஞ்சள், நடுவில் ஒரு தேன்கூடு: பாரிஸின் கத்தரினெத் தொப்பிகள்

கேள்வி இது: "பாரிஸில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று பார்த்தேன். இளம்பெண்கள் கைகோத்துக்கொண்டு நடுத்தெருவில் சிரித்தபடி வருகிறார்கள். ஒருத்தி தலையில் காற்றாலை, இன்னொருத்தி தலையில் பறவைக்கூண்டு. அடியில் 'கத்தரினெத்' என்று போட்டிருந்தது. இது என்ன, மாறுவேடப் போட்டியா? இந்தத் தொப்பிகளை எந்தக் கடையில் செய்கிறார்கள்? இவ்வளவு பெரிய சாமான் தலையில் எப்படி நிற்கிறது?"

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. பாரிஸ் பக்கத்தில் ஒரு நாடக உடைப் பட்டறையில் சில வருடம் ஊசி பிடித்தவன் நான். ஆனால் அதற்கு முன்னால் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அது மாறுவேடப் போட்டி இல்லை. தையல் பட்டறைகளிலும் தொப்பிப் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் பெண்களின் பண்டிகை. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 25, புனித கத்தரீன் திருநாள். அந்த வருடத்தில் 25 வயதாகி இன்னும் கல்யாணம் ஆகாதவள்தான் கத்தரினெத். அவளுக்கு அன்றைக்கு ஒரு தொப்பி. கடையில் வாங்குவதும் இல்லை, அவளே செய்துகொள்வதும் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குத் தெரியாமல் செய்து, அன்று காலை தலையில் வைப்பார்கள். சாயங்காலம் வரை அவள் அதைக் கழற்றக் கூடாது. நீங்கள் பார்த்தது அனேகமாக 1910-களில் இருந்து 1930-களுக்குள் எடுத்த படமாக இருக்கும். ரோல் என்ற செய்திப்பட நிறுவனம் அந்தக் காலத்தில் இந்தப் பெண்களை நிறையவே படம் பிடித்தது. பிரான்ஸ் தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஒரு மத்தியானத்தை அங்கே தாராளமாகத் தொலைக்கலாம்.

சரி, கத்தரீனுக்கும் தொப்பிக்கும் என்ன சம்பந்தம்? கதைப்படி அவள் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த படித்த பெண், நான்காம் நூற்றாண்டின் தொடக்கம். பேரரசன் அனுப்பிய ஐம்பது அறிஞர்களை வாதத்தில் மடக்கினாள். முள் பதித்த சக்கரத்தில் கட்டிக் கொல்லப் பார்த்தார்கள், சக்கரம் உடைந்தது. பிறகு தலையை வெட்டினார்கள். வாதாடியதால் மாணவர்களுக்கும் தத்துவம் படிப்பவர்களுக்கும் அவள் காவல். சக்கரத்தால் ராட்டை சுற்றுபவர்களுக்கும் வண்டிச்சக்கரம் செய்பவர்களுக்கும் காவல். மணம் முடிக்காமலே இறந்ததால் கன்னிப்பெண்களுக்கும் காவல். ஆள் உண்மையில் இருந்தாளா என்பதற்குச் சரித்திர ஆதாரம் போதவில்லை என்று 1969-ல் ரோமத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அவள் திருநாளை எடுத்துவிட்டது. 2002-ல் திரும்பச் சேர்த்தது. இடைப்பட்ட 33 வருடமும் பாரிஸ் பட்டறைகளில் தொப்பி நின்றபாடில்லை.

தலைச்சம்பந்தம் வந்தது கோயில் சிலையிலிருந்து. பழைய காலத்தில் ஊரின் கன்னிப்பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, திருநாளன்று கத்தரீன் சிலையின் தலைக்குப் புதுசாக முக்காடோ பூமுடியோ சாத்துவார்கள். கல்யாணம் ஆனவள் அந்த வேலையிலிருந்து விலகிவிடுவாள். ஆகாதவள் வருடா வருடம் அதையே செய்துகொண்டிருப்பாள். அதனால் 25 வயது தாண்டிய பெண்ணை "கத்தரீனுக்குத் தலை அலங்கரிக்கிறவள்" என்று பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார்கள். "இன்னும் வீட்டிலேயே இருக்கிறாளே" என்று நம் பக்கத்தில் இழுத்துச் சொல்வார்களே, அந்தத் தொனிதான். சிலையின் தலையில் இருந்த அலங்காரம் காலப்போக்கில் பெண்ணின் தலைக்கே இறங்கிவிட்டது.

நிறம் எப்போதும் பச்சையும் மஞ்சளும். பச்சை எதிர்பார்ப்புக்கு, மஞ்சள் விசுவாசத்துக்கு என்பார்கள் சிலர். பச்சை ஞானத்துக்கு என்பார்கள் வேறு சிலர். பட்டறையில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. பச்சை ரிப்பனும் மஞ்சள் ரிப்பனும் இருந்தால் அது கத்தரினெத் தொப்பி, அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் இந்தப் புனிதைக்குக் கன்னிப்பெண்களைப் பார்த்துக்கொள்ளும் இதே வேலைதான் கொடுத்திருந்தார்கள். டோர்செட்டில் அபட்ஸ்பெரி என்ற ஊரின் குன்றின்மேல் ஒரு கத்தரீன் சிற்றாலயம் இருக்கிறது. கன்னிப்பெண்கள் அங்கே போய் வேண்டுவது: ஒரு புருஷன் வேண்டும், அழகனாக வேண்டும், பணக்காரனாக வேண்டும், நல்லவனாக வேண்டும், சீக்கிரம் வேண்டும். கடைசி வரியில்தான் உண்மை இருக்கிறது.

இப்போது தொழிலுக்கு வருகிறேன். பெண்களின் தொப்பி செய்பவளுக்குப் பிரெஞ்சில் மொதிஸ்த் என்று பெயர். ஆண்களின் தொப்பி செய்பவர் வேறு சாதி, வேறு சங்கம். கம்பளிமுடியை அழுத்தி ஃபெல்ட் ஆக்குகிறவர்களுக்குப் புனிதரும் வேறு: கிளமென்ட், அவர் நாள் நவம்பர் 23. மொதிஸ்தின் வேலை அலங்காரத்தில் இருக்கிறது. மடிப்பது, சுருக்குவது, இறகு நிறுத்துவது, பூ கட்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அரசி மரி அந்த்வானெத்துக்கு உடை அலங்காரம் செய்த ரோஸ் பெர்த்தான் இந்த வகையறாதான். அந்தக் காலத்துப் படங்களில் தலைமேல் முழுக் கப்பலோடு ஒரு சீமாட்டி நிற்பாள், 1778-ல் ஆங்கிலேயரோடு மோதிய 'பெல் பூல்' என்ற போர்க்கப்பல் அது. அதைத் தொப்பி என்று பலரும் சொல்கிறார்கள். முழுக்கத் தொப்பி அல்ல. துணிக்கும் கம்பிக்கும் மேலே முடியை ஏற்றிக் கட்டிய கொண்டை, அதன் உச்சியில் கப்பல். ஆனால் கத்தரினெத் தொப்பிகளுக்குப் பாட்டி யார் என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

ஏழைப் பெண்ணுக்குப் பாரிஸில் திறந்திருந்த கதவுகளில் தொப்பித் தொழிலும் ஒன்று. பெரிய இயந்திரம் தேவையில்லை, ஊசியும் நூலும் கைப்பக்குவமும் போதும். பின்னாளில் ஆடை வடிவமைப்பில் பேர் வாங்கிய ழான் லான்வான் சிறுமியாகவே வேலைக்குப் போய், 1889-ல் சொந்தத் தொப்பிக்கடை வைத்தார். ஆடைக்கெல்லாம் அப்புறம்தான் போனார். அநாதை விடுதியில் வளர்ந்த கோகோ ஷனேல் 1910-ல் கம்போன் தெரு 21-ஆம் எண்ணில் திறந்ததும் தொப்பிக்கடைதான்.

இவர்கள் மேலே போனவர்கள். போகாதவர்களை 'மிதினெத்' என்று அழைத்தார்கள். மத்தியானம் என்ற சொல்லையும் சின்னச் சாப்பாடு என்ற சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர். மதிய இடைவேளையில் தெருவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ கொறித்துவிட்டு ஓடுகிறவள். பத்திரிகைகள் அவளைக் கொஞ்சிக் கொஞ்சி எழுதின. கூலி மட்டும் கொஞ்சம்தான். ஆர்டர் இல்லாத பருவத்தில் வேலையே கிடையாது. 1917 மே மாதம், உலகப்போர் நடுவில், இதே பெண்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். கேட்டது சனிக்கிழமை மத்தியான விடுமுறை, அதுவும் சம்பளம் பிடிக்காமல். ஜூன் 11-ஆம் தேதி சட்டமே வந்துவிட்டது. நீங்கள் பார்த்த படத்தில் சிரித்துக்கொண்டு வருகிறார்களே, அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தெருவில் கைகோத்து நடக்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தொப்பிகள் ஏன் அவ்வளவு அட்டகாசமாக இருக்கின்றன என்பதற்கு என் விளக்கம் இதுதான். வருடம் முழுக்க இவர்கள் செய்வது வாடிக்கையாளர் கேட்ட தொப்பி. விளிம்பு இவ்வளவு, ரிப்பன் இந்த நிறம், அதற்குமேல் ஒரு இறகுகூடக் கூடாது. ஒரே ஒரு நாள், கேட்பாரில்லாத தொப்பி ஒன்று. துணி கடையின் வெட்டுத்துண்டு, நேரம் சொந்த நேரம், பயன்படுத்துகிற வித்தை மட்டும் சீமாட்டிகளுக்குப் பயன்படுத்துகிற அதே வித்தை. ரசனைக் கட்டுப்பாடு என்ற மூடியை எடுத்தால் கைவேலைக்காரி எங்கே போவாள் என்பது அந்தத் தொப்பிகளில் தெரியும்.

இனி செய்முறை. எங்கள் பட்டறையில் எம்ப்ராய்டரி போடும் ஒரு பெண்ணுக்கு 25 ஆன வருடம் நடந்ததைச் சொன்னால் விளங்கும். முதலில் அவள் கத்தரினெத் கணக்கில் வருவாளா என்பதிலேயே பெரிய விவாதம். அவள் தன் துணையோடு 'பாக்ஸ்' பதிவு செய்திருந்தாள். 1999-ல் வந்த சட்டம், கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கான ஒப்பந்தம். காப்பி நேரத்தில் இரண்டு நாள் சண்டை. வயதில் மூத்த அம்மா ஒருத்தர், "நகராட்சியில் கையெழுத்துப் போட்டால் போதாது, மோதிரம் எங்கே?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வருவாள் என்று முடிவாயிற்று.

அவள் புறநகர் வீட்டு மொட்டை மாடியில் தேனீ வளர்ப்பவள். தொப்பி தேன்கூடு, பழைய காலத்து வைக்கோல் கூடு. கத்தரினெத் தொப்பிக்கு அதுதான் வழக்கம்: போடுகிறவளைப் பார்க்காமலே அவள் யார் என்று தெரிய வேண்டும். தலை அளவு வேண்டுமே? அவள் சாப்பிடப் போன நேரத்தில் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் டேப் வைத்து அளந்தோம். 57 சென்டிமீட்டர்.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில். மேலே நிற்பது பெரிதாகத் தெரிந்தாலும், தலையைத் தொடுவது சின்னதாகவும் கச்சிதமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர்க்குடம் தூக்குகிறவர்கள் வைத்துக்கொள்ளும் சும்மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த அடித்தளம். சட்டைக் காலருக்குள் வைக்கிற பக்ரம் தெரியும் அல்லவா, அதன் முரட்டு அண்ணன் ஒன்று தொப்பிக்கென்றே இருக்கிறது, கஞ்சி ஏற்றியது. நனைத்தால் துவண்டுவிடும். தலை வடிவ மரக்கட்டை அச்சின்மேல் அதை இழுத்து, ஒரு இடத்தில்கூடச் சுருக்கம் விழாமல் குண்டூசி குத்தி, ராத்திரி காயவிட்டால் காலையில் ஓடு மாதிரி எழுந்து வரும். ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்து, காஜா எடுக்கிற மாதிரி நெருக்கமாகக் கையால் தைப்பார்கள். உள்பக்கம் நெற்றி படும் இடத்தில் வரி வரியான கெட்டி ரிப்பன். அதை நேராக வைத்துத் தைத்தால் தலையில் உட்காராது. இஸ்திரிப் பெட்டியின் நீராவியில் வளைத்து, வாழைப்பழம் போல வளைந்த பிறகுதான் தைக்க வேண்டும். நான் கற்றுக்கொண்ட முதல் விஷயமே அதுதான். மூன்று ரிப்பன் கருகிய பிறகு கற்றேன்.

கூட்டுக்கு சினமாய் எடுத்தோம். தொப்பிக்காரர்களின் செல்லத் துணி அது. பிலிப்பைன்ஸில் அபாக்கா என்ற மரத்தின் நாரில் நெய்வது. அபாக்கா வாழைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நம்மூரில் மணிலாக் கயிறு என்று பேர் வாங்கியதும் அதே நார்தான். கயிறாகத் திரித்தால் கப்பலைக் கட்டும், மெல்லிசாக நெய்தால் கொசுவலை மாதிரி ஒளி ஊடுருவும். பட்டை பட்டையாக வெட்டி முறுக்கி, அடியிலிருந்து சுற்றிக்கொண்டே போனால் வைக்கோல் கூடு தயார். உள்ளே வெறும் காற்று. அதுதான் ரகசியம்: கண்ணுக்கு ஐந்து கிலோ, தலைக்கு அரைக் கிலோ. இந்த மாதிரித் தொப்பிகளில் பழக்கூடை என்றால் காகிதக்கூழ், கேக் என்றால் ஸ்பாஞ்ச், பாறை என்றால் தெர்மோகோல்.

தேனீக்கள் முப்பது. உடம்பு கறுப்பும் மஞ்சளுமாக எம்ப்ராய்டரி நூல்பந்து, இறக்கை ஆர்கன்சா துண்டு. ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய கம்பி நுனியில் வைத்தோம், அவள் நடந்தால் எல்லாம் நடுங்கும்.

பொம்மைத்தலையில் வைத்துப் பார்த்தபோது கூடு அப்படியே மூக்கை நோக்கிச் சரிந்தது. தேனீக்கள் படத்தில் நன்றாகத் தெரியவேண்டும் என்று எல்லாவற்றையும் முன்பக்கமே வைத்திருந்தோம். தொப்பிக்கு எடை முக்கியமில்லை, எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். காதுகளை இணைக்கும் கோட்டுக்கு நேர் மேலே பாரம் நின்றால் ஒரு கிலோகூடத் தாங்கும். அதிலிருந்து நான்கு விரல்கடை முன்னால் போனால் கால் கிலோவுக்கே கழுத்து வலிக்கும். பிரிக்க நேரமில்லை, மறுநாள் 25-ஆம் தேதி. அந்த மூத்த அம்மாதான் திரைச்சீலை அடிமடிப்பில் போடும் ஈயக்குண்டுகள் நாலைந்தை எடுத்து வந்தார். பின்னங்கழுத்துப் பக்கம் ஒரு பெரிய பச்சை ரிப்பன் முடிச்சு, அதற்குள்ளே ஈயம். நேராக நின்றது. அப்புறம் காதுக்குப் பின்னால் போய் முடிக்குள் மறையும் ஒரு எலாஸ்டிக், இரண்டு சீப்பு. முன்பு இந்த இடத்தில் ஒரு சாண் நீளத் தொப்பியூசி இருக்கும், கொண்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். இன்றைக்கு அவ்வளவு கொண்டை யாருக்கும் இல்லை.

இறகைப் பற்றிச் சொல்லாமல் தொப்பியைப் பற்றிப் பேச முடியாது. அந்தத் தேன்கூட்டில் நாங்கள் இறகு வைக்கவில்லை, ஆனால் நீங்கள் பார்த்த காலத்துப் படங்களில் நிறைய இருக்கும். 1886-ல் பிராங்க் சாப்மன் என்ற பறவை ஆய்வாளர் நியூயார்க்கில் இரண்டு மத்தியானம் நடந்துபோய்ப் பெண்களின் தொப்பிகளை எண்ணினார். ஒரு மத்தியானம் எண்ணிய 700 தொப்பிகளில் 542-ல் இறகு இருந்தது. பல தொப்பிகளில் முழுப் பறவையே இருந்தது. கொக்குகளுக்கு இனப்பெருக்க காலத்தில் முதுகில் வரும் மெல்லிய இறகுக்கு மவுசு அதிகம். அந்தக் காலத்தில் கொன்றால் கூட்டில் குஞ்சுகளும் சாகும். இந்தியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் போனது, 1902-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப்பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. பிரிட்டன் இறக்குமதிக்குத் தடை போட 1921 ஆயிற்று. இப்போது தொப்பியில் காண்பது பெரும்பாலும் கோழி, வாத்து, நெருப்புக்கோழி இறகு, சாயம் ஏற்றியது.

விழா நாளுக்கு வருவோம். காலையிலேயே வேலை நின்றுவிடும். தொப்பி சூட்டல், சாப்பாடு, ஷாம்பெயின், ஆட்டம். பெரிய கடைகளில் முதலாளியே பட்டறைக்கு வருவார். ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் நாட்களில் ஒவ்வொரு பட்டறையாகப் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் வீட்டுக்குள் அவர் விருந்தாளி. கத்தரினெத்கள் ஊர்வலமாகக் கிளம்பி, துணி வியாபாரப் பேட்டையான சாந்தியேவில், கிளேரி தெருவும் புவாசோனியேர் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் கத்தரீன் சிலைக்குப் பூ வைப்பார்கள். அன்று வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கமும் இருந்தது. நிஜ வலைத்துணியில் குட்டித் தொப்பி தைத்து ஒட்டிய அட்டைகள், பழைய சாமான் சந்தையில் இன்றும் கிடைக்கும்.

இப்போது எவ்வளவு மிச்சம் என்றால், கொஞ்சம். பிரான்ஸில் பெண்கள் முதல் கல்யாணம் செய்யும் சராசரி வயது எப்போதோ 30-ஐத் தாண்டிவிட்டது. 25-ல் ஆகவில்லை என்று கேலி செய்தால் கேலியே புரியாது. பெண்ணைக் கல்யாணத்தை வைத்து அளக்கிற பழக்கம் இது என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஊருக்கு ஊர் சந்தையாகத் தங்கிவிட்ட இடங்கள் பல. வெசூல் நகரத்துச் சந்தையில் அன்றைக்கு இஞ்சிரொட்டியில் செய்த பன்றிப்பொம்மை விற்பார்கள். பாரிஸின் பெரிய ஆடை நிறுவனங்கள் சிலவற்றில்தான் விடாமல் நடக்கிறது. அங்கேயும் இப்போது ஆண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 30 வயதாகியும் மணமாகாத ஆணுக்கு 'நிக்கொலா' என்று பெயர். அவர்கள் புனிதர் நிக்கொலாவின் நாள் டிசம்பர் 6, ஆனால் இரண்டு விருந்து எதற்கு என்று பல இடங்களில் ஒன்றாகவே முடித்துவிடுவார்கள். பெண்ணுக்கு 25, ஆணுக்கு 30 என்று கணக்கு வைத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆஸ்கட் குதிரைப் பந்தயத்தில் ஆங்கிலேயச் சீமாட்டிகள் போடும் தொப்பிகளை இதோடு சேர்க்காதீர்கள். அவை பார்வைக்கு இதைவிடப் பெரிதாக இருக்கலாம். அவை காசு கொடுத்து வாங்கியவை, செய்தவள் அந்த மைதானத்தில் இருக்கமாட்டாள்.

எங்கள் எம்ப்ராய்டரிக்காரி அன்று மாலை அந்தத் தேன்கூட்டோடே மெட்ரோவில் வீட்டுக்குப் போனாள். கதவு மூடும்போது மேல்வரிசைத் தேனீக்கள் இரண்டு மாட்டிக்கொண்டு பிய்ந்துவிட்டன, மறுநாள் அவற்றின் கம்பியை மட்டும் கொண்டுவந்து காட்டினாள். கூடு இப்போது அவள் வீட்டு அலமாரிமேல் இருக்கிறது. பின்பக்க ரிப்பனுக்குள் ஈயம் இருப்பது அவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும், தூசி தட்ட எடுத்தபோது முடிச்சு கனக்கிறதே என்று பிரித்துப் பார்த்திருக்கிறாள்.